வெள்ளிக்கிழமைக் காளான்

எண்ணெய் காய வேண்டும், காய்ந்தால்தான் உருண்டை போட முடியும், உருண்டை சிவந்து வந்து அதைக் கல்லில் போட்டுக் கொத்தி மசாலாவில் கொதிக்க விட்டால்தான் காளான், அதுவரைக்கும் அப்படி உட்காருங்க என்று வண்டிக்காரப் பெண் சொல்லிவிட்டாள். அவள் கைகாட்டிய இடம் சாத்திக் கிடந்த தையல்கடையின் படி. சென்னியப்பன் தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சிங்காநல்லூரில் இத்தனை காலம் குடியிருந்து, இந்தச் சந்தில் காளான் வண்டி நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காகச் சாயங்காலங்களில் ஊரைச் சுற்றிக்கொண்டு போனவர், இன்றைக்கு அதே வண்டிக்கு முதல் கிராக்கி. மில்லில் கூட வேலை பார்த்தவன் எவனாவது பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும். சாந்தாமணி போய் இன்றோடு ஒரு வருஷம். பொழுது சாய்ந்து விளக்கு வைத்ததும் அவள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட வேண்டும், இலையில் அவளுக்குப் பிடித்ததெல்லாம் இருக்க வேண்டும். அவர் அப்பாவுக்குப் படைத்தபோது பீடிக்கட்டும் தீப்பெட்டியும்கூட இலையில் இருந்தன. இருந்தவருக்குப் பிடித்தது எதுவோ அது, அதில் நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. சாந்தாமணிக்குப் பிடித்தது காளான். இந்தச் சங்கதி கட்டின புருஷனுக்கு இன்று காலையில்தான் தெரியும்.

காலையில் சிந்துஜாதான் ஆரம்பித்தாள். மகள் படையலுக்கென்று திருப்பூரிலிருந்து நேற்றே வந்துவிட்டாள். அடுப்படியில் முழங்கை வரை மாவோடு நின்றுகொண்டு, அம்மாவுக்குப் பிடிச்சதெல்லாம் சொல்லுங்கப்பா, ஒண்ணும் விட்டுறக் கூடாது என்றாள். அவருக்கு ஒரே பெருமை. இதைக் கேட்க வேண்டியது அவரிடம்தானே, வேறு யாரிடம் கேட்பது. அரிசிம்பருப்புச் சாதம், கச்சாயம், தேங்காய்ச் சில் போட்ட பணியாரம் என்று விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தவர், கடைசியில் ஒரு கிண்ணம் சோம்பு, அதை மறந்துறாத கண்ணு என்றார்.

“சோம்பா? அம்மாவுக்கு எதுக்குங்கப்பா சோம்பு?”

“என்ன கண்ணு இப்படிக் கேக்கற. வெள்ளிக்கெழமையானா சோம்பு மென்னுட்டுத்தான உங்கம்மா வருவா. அதுக்குத்தான நான் தெனமும் படத்துக்கு முன்னால வெக்கறேன்.”

சிந்துஜா கரண்டியைக் கீழே வைத்தாள். “நீங்க வெக்கறது அதுக்காகங்களா? நான் என்னமோ சாங்கியம்னு நெனச்சனுங்கப்பா.” கையில் ஒட்டின மாவை வழித்துக்கொண்டே, “அது காளான் வாசம் உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு மெல்லறதுங்கப்பா. டியூசன் முடிஞ்சு என்னையக் கூப்புட வருவாங்கல்ல, அப்ப ரெண்டு பேரும் வண்டிக்கடையில தின்னுட்டு வருவோம். அம்மாவுக்குக் காளான்னா அப்படி ஒரு இது. அப்பாகிட்டச் சொல்லாத கண்ணும்பாங்க” என்றாள்.

அப்பாகிட்டச் சொல்லாத கண்ணு. காலையிலிருந்து இந்த வார்த்தைதான் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது, விழுங்கினாலும் போகவில்லை, இருமினாலும் வரவில்லை. எண்ணெயில் முதல் உருண்டைகள் விழுந்து சடசடத்தன. ஒரு வருஷம். ஒவ்வொரு நாள் காலையும் குளித்துவிட்டு வந்து பித்தளைக் கிண்ணத்தில் பழைய சோம்பை எடுத்துவிட்டுப் புதுசு வைத்திருக்கிறார். கடையில் நின்று, இது வேண்டாம், பொடிசா பச்சையா இருக்குமே அது என்று கேட்டு வாங்கியிருக்கிறார். எடுத்த பழைய சோம்பைத் தூரப் போடுகிறதும் இல்லை. வாயில் போட்டு மென்றுகொண்டு கண்ணை மூடினால் வெள்ளிக்கிழமை வந்துவிடும், பின்னலில் பாதி வாடின மல்லிகையோடு சாந்தாமணி உள்ளே வருவாள், காபி குடிச்சீங்களா என்று கேட்கிற வாயிலிருந்து இனிப்பாக அந்த வாசம் வரும். படம் பார்த்து அவருக்கு அவள் ஞாபகம் வருவதில்லை. படத்தில் இருப்பவள் யாரோ, ஸ்டுடியோக்காரன் பவுடர் பூசின யாரோ. சோம்பை மென்றால்தான் அவள் வருவாள். அவளைத் தொடுவதற்கு அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு வழிதான், அந்த வழியே அவரை உள்ளே விடாமல் இருக்க அவள் போட்ட பூட்டு என்றால், ஒரு வருஷமாக அவர் கும்பிட்டது பூட்டைத்தான். வீட்டுக்குள் அவள் எங்கே இருந்தாள்? யாருக்காக இந்த ஒரு வருஷம் அழுதார்? அடிக்கிற புருஷனிடம் ஒளிக்கலாம், குடிக்கிறவனிடம் ஒளிக்கலாம். அவர் கை நீட்டினது கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை பேசினது கிடையாது, அவர் அப்பா மாதிரி இருக்கக் கூடாது என்பதை ஒரு வேலையாகவே செய்தவர் அவர். அவரிடம் போயா பயந்தாள்? ஒரு தட்டுக் காளானுக்கா? பயந்துகொண்டுதான் இத்தனை காலமும் அந்த வீட்டில் இருந்தாளா என்பதை இனி யாரிடம் போய்க் கேட்பது.

பயப்பட என்ன இருக்கிறது என்று நெஞ்சு கேட்கிறது, அதே நெஞ்சுதான் அந்தப் புதுசில் நடந்ததையும் எடுத்து முன்னால் வைக்கிறது. கல்யாணமான முதல் ஐப்பசி. ராத்திரி முழுக்க இடி இடித்து, விடிந்ததும் அவள் தம்பி ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன புற்றுக்காளான். குடை விரியாத மொட்டுகள், அடியில் செம்மண். அவள் அதைக் கையில் வாங்கின விதம் இப்போதும் கண்ணில் நிற்கிறது, தொட்டிலிலிருந்து பிள்ளையை எடுக்கிற மாதிரி. பாட்டுப் பாடிக்கொண்டே சின்ன வெங்காயம் உரித்தாள். அவளுக்குப் பாடத் தெரியும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தட்டில் சோறு போட்டுக் குழம்பை ஊற்றினாள். அவர் முகர்ந்தார், ஒரு துண்டை வாயில் வைத்தார், மூஞ்சி ஒரு பக்கமாகக் கோணியது, வைத்த துண்டை எடுத்துத் தட்டோரத்தில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். கத்தவில்லை, தட்டை விசிறவில்லை. எழுந்து போய்த் தெருமுனையில் நின்றார், ரொம்ப நேரம் நின்றார், திரும்பி வந்தபோது குழம்பு மொத்தமும் சாக்கடையில் போயிருந்தது, அவள் புளி போட்டு வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் அவர் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது, என்ன பேசுவதென்று தெரியவில்லை, அவ்வளவுதான். மறுபடி பேச்சு வந்தது கேஸ் தீர்ந்துபோனதைப் பற்றி. அதற்கப்புறம் அந்த வீட்டில் காளான் என்கிற வார்த்தையே இல்லை. அவளுக்கும் பிடிக்காது போலிருக்கிறது என்று அவராகவே நினைத்துக்கொண்டார். நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது. பாட்டும் அன்றோடு போயிற்றோ? அதற்கப்புறம் அவள் பாடி எப்போது கேட்டார்? ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதே ஒரு பதில்தானே. அடிப்பதைவிட எழுந்து போவது பெரிய அடியோ என்னமோ, அவர் எழுந்து போனவர், உட்கார்ந்திருந்தவளுக்குத்தான் தெரியும்.

கல்லில் கொத்துகிற சத்தம் ஆரம்பித்தது, டக்கு டக்கு டக்கு என்று இரண்டு கையிலும் கரண்டி பிடித்து அந்தப் பெண் கொத்துகிறாள், முட்டைக்கோஸும் காளானும் மாவும் சேர்ந்து வெந்த வாசம் மெதுவாகச் சந்தில் இறங்கி அவரிடம் வருகிறது. இதில் காளானைவிடக் கோஸ்தான் அதிகம் என்று ஊரே கிண்டல் பண்ணும், ஆனாலும் அவர் மூக்கு அந்தக் கொஞ்சத்தைக் கண்டுபிடித்துவிட்டது. என்ன வாசம் இது? நனைந்த மண் வாசம்தான். யோசித்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. முதல் மழைக்கு மண் வாசனை கிளம்பினால் அவரும்தான் வாசலில் போய் நின்று மூக்கை விரித்து இழுக்கிறார், ஆகா என்கிறார். அதே வாசம் தட்டில் வந்தால் குமட்டுகிறது. மண்ணில் இருந்தால் மணம், வாயில் வந்தால் நாற்றம், என்ன நியாயம் இது? அவளுக்கு வாசலிலும் மணம், தட்டிலும் மணம். ஒரே மழை, ஒரே வாசல், பக்கத்தில் பக்கத்தில் நின்று இழுத்த இரண்டு மூக்கு. டி.வி.யில் ஒரு டாக்டர், இதெல்லாம் பிறவியிலேயே வருகிறது, ஒருத்தர் நாக்குக்கு எட்டுகிற ருசி இன்னொருத்தர் நாக்குக்கு எட்டாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறவியாவது ஒன்றாவது, அவருக்குத் தன் சங்கதி தெரியும். வாசம் பாதிதான், மீதி அந்தக் கடி. சின்ன வயசில் அண்ணனோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டபோது அவன் காதைக் கடித்துவிட்டார், காதுமடல் பல்லுக்கு நடுவில் வழுக்கிக்கொண்டு, நசுங்காமல், திரும்ப எழும்பி வந்தது. காளானைக் கடித்தால் அண்ணன் காதுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சாந்தாமணியிடம் சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எழுந்து போவதற்குப் பதிலாக, அடியே இது எங்க அண்ணன் காது மாதிரி இருக்குது என்று சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள், சிரித்துவிட்டு முழுக் குழம்பையும் அவளே தின்றிருப்பாள், காதைத் தின்கிறேன் பாருங்க என்று காட்டிக் காட்டித் தின்றிருப்பாள். ஒரு வாக்கியம்தான். அது அப்போது வாயில் வரவில்லை.

அவருக்குக் கருவாடு உயிர். தெரு முனையில் வருகிறவன் இன்னார் வீட்டில் கருவாடு என்று சொல்லிவிடுகிற அந்த வாசம் அவருக்குச் சொர்க்கம். அவளுக்கு ஆகாது. ஆகாது என்பதை அவள் மறைக்கவும் இல்லை, மூக்கைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு கொள்ளைக்காரி மாதிரி அடுப்பு முன்னால் நின்று வறுத்துக் கொடுப்பாள், அவர் இன்னும் ரெண்டு துண்டு போடு என்பார். அவள் எழுந்து போகவில்லை. மூக்கில் கட்டின துண்டுக்கு மேலே தெரிந்த கண்ணில் நீர் கோத்திருக்கும், மிளகாய்க் காட்டம் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஓட்டலுக்குப் போனால் உனக்கு என்ன என்று கேட்பார், உங்களுக்கு என்னமோ அதேதானுங்க என்பாள், இரண்டு ரவா தோசை வரும். அவளுக்கு ரவா தோசை பிடித்ததா? சேலைக்கடையில் இது நல்லாருக்குதா என்று அவர் தூக்கிக் காட்டினால் நல்லாருக்குதுங்க. பிடித்ததா? ஜன்னலோரம் அவர் உட்காருவார், காத்து உங்களுக்கு வேணுமே என்பாள். தொட்டதையெல்லாம் இப்போது சந்தேகம் பிடித்துக்கொண்டது. இலையில் வைக்கிற அரிசிம்பருப்புச் சாதமும் கச்சாயமும் யாருக்குப் பிடித்தது? அவருக்குப் பிடித்தது. அவருக்குப் பிடித்ததை அவள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு ராத்திரி அவரே தின்னப் போகிறார். நல்ல படையல். அவளுக்கென்று இந்த ஊரில் இருந்தது இந்தச் சந்து ஒன்றுதான், இந்தத் தகரப் பெட்டி வண்டி, ஆட்டம் காண்கிற இந்த விளக்கு. இங்கேதான் அவள் அவளாக நின்றிருக்கிறாள். எந்தப் பக்கம் நின்றிருப்பாள்? வண்டிக்கு அந்தப் பக்கமா, சாக்கடைக்கு இந்தப் பக்கமா? சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டுதான் தின்றிருப்பாள். திரும்பித் திரும்பிச் சந்து முனையைப் பார்த்துக்கொண்டா தின்றாள், அவர் வந்துவிடுவாரோ என்று? பாதி விழுங்கினதும் விழுங்காததுமாகவா? அப்படி ஒரு சாந்தாமணியை நினைக்க நெஞ்சு தாங்கவில்லை. வந்துவிடு தாயே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். வந்துவிடு. சோம்பு வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வாயெல்லாம் காளான் மணக்க வா, வந்து என் முகத்துக்கு நேரே ஊது, நான் எழுந்து போக மாட்டேன். போன் அடித்தது.

“அப்பா, வாங்கிட்டீங்களா?”

“இன்னும் ஆகுல கண்ணு. கொத்தீட்டிருக்கறாங்க.”

“வெங்காயம் நெறையாப் போடச் சொல்லுங்க, அம்மாவுக்கு அப்படித்தான் புடிக்கும். நீங்க ஒண்ணும் சாப்புட வேண்டாங்கப்பா, எலையில வெச்சாப் போதும். அப்பறம் நான் தின்னுக்கறேன்.”

சரி கண்ணு என்றார். கேட்டுவிடலாம் என்று வந்தது, உங்கம்மா என்னைக் கண்டு பயந்தாளா கண்ணு, ஒரே கேள்விதான், பிள்ளை உண்மையைச் சொல்லிவிடும். உண்மையைச் சொல்லிவிடும் என்பதாலேயே கேட்க முடியவில்லை. விளக்குத் திரி எடுத்து வெச்சிட்டியா என்று கேட்டார். வெச்சாச்சுங்கப்பா என்று அவள் போனை வைத்துவிட்டாள். பெற்ற பிள்ளையிடமும் கேட்க முடியாத கேள்வியோடு வீட்டுக்குப் போய் எப்படி அந்தப் படத்துக்கு முன்னால் உட்காருவது? என்னவென்று கும்பிடுவது? அப்போதுதான் அவருக்கு ஒரு புத்தி தோன்றியது. தின்று பார்ப்பது. படையலுக்கு வாங்குவதில் வாய் வைக்கக் கூடாது, அது எச்சில். தனியாக ஒரு தட்டு வாங்கி, அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் தின்றதைத் தின்று பார்ப்பது. இத்தனை வருஷம் அவரை ஏமாற்றிவிட்டுத் தின்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று நாக்கு ஒரு தடவை பிடித்துவிட்டால், ஒருவேளை நாக்கு மாறியிருந்தால், வயசாகிவிட்டது, நாக்கும் மாறும்தானே, அப்புறம் அவளோடு சேர்ந்து தின்ற மாதிரிதானே ஆகும். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு எழுந்து வண்டியிடம் போனார்.

“போசியில பார்சல் அப்பறம் போடலாமுங்க. இப்ப எனக்கு ஒரு தட்டு குடுங்க அம்மிணி.”

காகிதத் தட்டில் சிவப்பாகக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, மேலே வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். கரண்டியில் எடுத்தார். ஊதினார். ஊதி ஊதி ஆறப் போட்டார், ஆறிவிட்டால் சாக்கு இல்லை. சாந்தாமணி என்று நினைத்துக்கொண்டு வாயில் வைத்தார். முதலில் காரம், புளிப்பு, எல்லாக் கடையிலும் இருக்கிற மசாலா, பரவாயில்லையே என்று ஒரு கணம் நம்பினார். அப்புறம் பல் அதைக் கண்டுபிடித்தது. வழுக்கிக்கொண்டு, நசுங்காமல், எழும்பி வந்தது. அண்ணன் காது. நாக்கு மாறவில்லை, எதுவும் மாறவில்லை, அவள் போன இடத்துக்கு இந்த வழியிலும் கதவில்லை. கண்ணில் நீர் முட்டியது, துப்பவும் மனசில்லை, விழுங்கவும் முடியவில்லை, முகம் என்ன பாடுபட்டது என்று அவருக்கே தெரியாது. எப்படியோ விழுங்கினார்.

வண்டிக்காரப் பெண் கரண்டியைத் தூக்கினபடியே நின்றுவிட்டாள்.

“காரமாப் போச்சுங்களாய்யா?”

இல்லை என்று கையை ஆட்டினார்.

“கோவிச்சுக்காதீங்க. இந்த மூஞ்சிய நான் பாத்திருக்கறனுங்க.”

“என்ற மூஞ்சியவா? நான் இந்தப் பக்கமே வந்ததில்லீங்க அம்மிணி.”

“உங்களைய இல்லீங்க, இந்த மூஞ்சிய. ஒரு அக்கா வருவாங்க, வெள்ளிக்கெழமையானா புள்ளையக் கூட்டீட்டு. மொத வாய் போட்டதும் இதே மாதிரிதானுங்க, மூக்கு ஒரு பக்கம் போகும், வாய் ஒரு பக்கம் போகும், ஒத்தக் கண்ணு மட்டும் மூடும். அந்தப் புள்ள அப்பா, அப்பான்னு கத்தீட்டு சிரிச்சுச் சிரிச்சு கீழயே உக்காந்துக்கும். நான் மொதல்ல பயந்துட்டனுங்க, காளான் ஊசிப்போச்சாட்டம் இருக்குதுன்னு. அட அதெல்லாம் இல்ல, மொத வாய் எங்க வீட்டுக்காரருக்கு, அவருக்கு ஊட்டாம நான் எப்படித் திங்கறதும்பாங்க. அப்பறம் பாக்கோணுமே, அந்தக் கடசிச் சொட்டு வரைக்கும் வழிச்சுத் தின்னு போடுவாங்க.”

சென்னியப்பனுக்குக் காது அடைத்துக்கொண்டது. மொத வாய் எங்க வீட்டுக்காரருக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் இங்கே நின்றிருக்கிறார். இன்றைக்குக் கால் வைப்பதற்கு முன்னாலேயே அவர் இந்தச் சந்துக்கு வந்து, இதே மூஞ்சியை வைத்துக்கொண்டு, அவள் கையால் ஒரு வாய் வாங்கியிருக்கிறார், பிள்ளை சிரித்திருக்கிறது, வண்டிக்காரிகூடப் பார்த்திருக்கிறாள். பயமாவது மண்ணாவது. அவரை வைத்து விளையாடியிருக்கிறாள் அந்தத் திருட்டுக் கழுதை, ஒரு வாரம் விடாமல். அவருக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது, முந்தின வாயின் நாற்றம் தொண்டையிலேயே நின்றது. காளான் சகிக்கவில்லை. இனி எந்தக் காலத்திலும் சகிக்காது. இன்னொரு வாய் எடுத்துப் போட்டார், மூஞ்சி தானாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிற்று, அவர் அதை மறைக்கவில்லை.

“அதே, அதேதானுங்க!” வண்டிக்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்துப் போசியை வாங்கித் திறந்தவள், “நீங்க அவிய வீட்டுக்காரருங்களா? அக்கா நல்லாருக்காங்களா? ரொம்ப நாளாக் காணமுங்களே” என்றாள்.

“வீட்டுல இருக்கறா. அவளுக்குத்தான் வாங்கீட்டுப் போறனுங்க” என்றார் சென்னியப்பன். “வெங்காயம் நெறையாப் போடுங்க.”